பின்னால் போகாத ஜீப்

"காலால ஒதைக்காத மாமா, ஒடஞ்சிடப் போவுது!"

"ஒதைக்காம கொஞ்சிக்கினு இருக்கச் சொல்றியா?"

நான் கத்தியதும் ஏழுமலை மாமா திருப்பிக் கத்தியதும் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ராத்திரி பெய்த மழை விட்டிருந்த காலை நேரம். எங்கள் ஊரிலிருந்து வல்லம் ரோட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில் ஏரிக்கால்வாய் உடைத்துக்கொண்டு, பாதை இருந்த இடத்தில் வெறும் சேறுதான் இருந்தது. சேற்றுக்கு இந்தாண்டை எங்கள் ஜீப் நின்றது. ஸ்டியரிங்கில் மாமா, பக்கத்தில் அப்பா. பின்னால் நான், அம்மாவின் அரக்குப் புடவை அழுக்காகிவிடக் கூடாதே என்று முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் அன்று முற்பகல் விழுப்புரத்தில் இருக்க வேண்டும். ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் நேர்முகம். திண்டிவனத்தில் காலை ரயிலைப் பிடித்தால்தான் போய்ச் சேர முடியும். மழையில் பஸ் நின்றுவிட்டது. எங்களுக்கு இருந்த ஒரே கதி இந்த ஜீப்.

மாமா உதைத்துக்கொண்டிருந்தது அதன் சின்ன லீவரை. அதை இழுத்துப் போட்டால்தான் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். நாலு சக்கரமும் இழுத்தால்தான் அந்தச் சேற்றைத் தாண்டலாம். லீவர் வரவே மாட்டேன் என்றது.

"நேத்தே போட்டுப் பாத்தியா நீ?" என்றார் அப்பா.

"பாத்தேன் மச்சான். கொட்டாயில கரெக்டா வுழுந்துது."

"அப்ப இன்னிக்கி இன்னா கேடு அதுக்கு?"

"அதத்தான் நானும் கேட்டுக்கினு இருக்கேன். பதில் சொல்ல மாட்டேங்குது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

டிராக்டருக்குப் பதில்

போன வாரம் இந்த ஜீப்பைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அப்படி விட்டுவிடக் கூடிய சாமான் இல்லை அது. எங்கள் வீட்டில் அது ஆறு ஏழு வருஷம் எல்லாருடைய பிராணனையும் வாங்கியது.

செஞ்சிப் பக்கம் ஒரு பண்ணையில் டிராக்டர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு மாமா பார்க்கப் போனார். வந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டிராக்டர் வாங்குகிற வசதி எங்களுக்குக் கிடையாது. யாரோ சொன்னார்கள், பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப்பை மெட்ராஸில் ஏலம் போடுகிறார்கள், அதுவும் ஏர் இழுக்கும் என்று. அவ்வளவுதான். இரண்டு ஜோடி மாடு போயிற்று, ஜீப் வந்தது.

"நாலு சக்கரமும் இழுக்கும்டி தனம்! டிராக்டருக்குக்கூட பின்னால ரெண்டுதான்!" என்று என்னிடம் சொன்னதையே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இழுக்கத்தான் செய்தது. ஏர் இழுத்தது, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டையை இழுத்தது, ஒருமுறை கிணற்றில் விழுந்த பக்கத்து வீட்டு எருமையைக் கயிறு கட்டி இழுத்தது. ஆனால் அந்தச் சின்ன லீவர் மட்டும் அதன் இஷ்டத்துக்குத்தான் நடக்கும். சேர வேண்டிய நேரத்தில் சேராது. விட வேண்டிய நேரத்தில் விடாது. எங்கள் பெரியப்பா குடும்பத்தோடு எங்களுக்கு இருந்த உறவும் ஏறக்குறைய இப்படித்தான் என்று அம்மா சொல்வாள்.

தை மாதம்

ஏழுமலை மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு எங்கள் வீட்டோடு வளர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

எங்கள் பக்கத்தில் அக்காள் மகள் தம்பிக்குத்தான் என்று குழந்தை பிறந்த அன்றே பேசிவிடுவார்கள். என்னையும் பேசி வைத்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. மாமாவையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் பத்தாவதுக்கு மேலேயும் படிப்பு, வாத்தியார் வேலை என்று அடம்பிடிக்க ஆரம்பித்ததும் அப்பா ஒரு முடிவு சொன்னார். "சீட்டு கெடச்சா போய்ப் படி. அப்புறம் உன் இஷ்டம். கெடைக்கலன்னா தை மாசம் ஏழுமலைக்குக் கழுத்த நீட்டிடணும். மறுபேச்சு கூடாது."

நான் சரி என்றேன். அப்போது மாமா கூடத்தில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. குடித்து முடித்துவிட்டுச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஆக, நிலைமையைப் பாருங்கள். நான் ரயிலை விட்டால் எனக்குத் தாலி கட்டப் போகிறவர் யாரோ, அவர்தான் என்னை ரயிலுக்குக் கூட்டிப் போகிறார். ஊரில் வண்டி ஓட்டத் தெரிந்த வேறு ஆள் கிடையாது. அன்று காலை முழுக்க மாமாவின் முதுகை முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

பூட்டுகிற பழக்கம்

நடவுக்குப் போன ஆட்கள் நாலைந்து பேர் எங்கள் கூச்சலைக் கேட்டு வரப்பிலிருந்து இறங்கி வந்தார்கள். வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து, யாரையும் கேட்காமல் பின்னாலிருந்து தள்ளினார்கள்.

"டேய், இன்னும் எறங்கவே இல்லடா! தள்ளாதீங்கடா!" என்று மாமா கத்தினார். சக்கரம் அரை உருட்டு உருண்டது. மாமா லீவரை இழுத்துப் பிடித்தபடிதான் கத்திக்கொண்டிருந்தார். 'களக்' என்று அது தானாக விழுந்தது.

"பாத்தியா? நான் ஒதைச்ச ஒதைக்குத்தான் வழிக்கு வந்துது" என்றார் மாமா.

உதைக்கு ஒன்றும் வரவில்லை. சக்கரம் கொஞ்சம் உருண்டால்தான் உள்ளே பல்லோடு பல் பொருந்தும். நின்ற வண்டியில் பல்லுக்கு நேரே பல் முட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் மாமாவோ மாடு பூட்டி வளர்ந்த ஆள். மாட்டை நிறுத்திவிட்டுத்தானே நுகத்தடியில் பூட்டுவோம்? அதே மாதிரி ஜீப்பையும் அசையாமல் நிறுத்தி, ஒரு 'ஹோ' வேறு சொல்லிவிட்டு, அப்புறம்தான் லீவரில் கை வைப்பார். எத்தனை சேற்றில் எத்தனை தடவை இப்படி நின்றாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டுப் பாரேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். "நடக்கிற மாட்ட எவனாவது பூட்டுவானா?" என்பார்.

எப்படியோ சேற்றைத் தாண்டினோம். வண்டி இரண்டு பக்கமும் சேற்றை வாரி இறைத்தது. முந்தானையை நான் காப்பாற்றியிருந்தேன், கொசுவம் போய்விட்டது.

விடாத லீவர்

தார் ரோட்டில் ஏறியதும் சின்ன லீவரைத் தள்ளி விட்டுவிட வேண்டும். கெட்டித் தரையில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கக் கூடாது. மாமா தள்ளினார். அது நகரவில்லை.

"போவப் போவ வுட்டுடும்" என்றார்.

விடவில்லை. ஸ்டியரிங் அம்மிக்கல்லாகிவிட்டது. வளைவுகளில் டயர் கிறீச்சிட்டது. முன்பக்கம் வழுக்கை டயர், பின்பக்கம் புது டயர், இரண்டும் ஒரே சீராக உருளாது, அது போதாதா? தீவனூர் தாண்டியதும் ரேடியேட்டரிலிருந்து ஆவி வந்தது. மாமா வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல ஓட்டினா அச்சு முறிஞ்சிடும். அப்புறம் நடுரோட்டுலதான் நிக்கணும்."

"இப்ப எங்க நிக்கிறோம்?" என்றேன்.

அவர் சொன்னது பொய் இல்லை. முந்தின வருஷம் இப்படியே பிடிவாதமாக ஓட்டி முன் அச்சு முறிந்து, திண்டிவனத்தில் வெல்டிங் வைத்து, அந்த ஒட்டில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எனக்கு அன்று நியாயம் கேட்கிற பொறுமை இல்லை. ரயில் எங்களுக்காக நிற்காது.

மாமாவும் அப்பாவும் சேர்ந்து தள்ளினார்கள். மாமா அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டினார். தலைக்குத் தேய்க்க அம்மா கொடுத்தனுப்பிய நல்லெண்ணெயை, என் பையைத் துழாவி எடுத்து, லீவரின் அடியில் ஊற்றினார். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். வண்டி முழுக்க எண்ணெய் வாசனை வந்ததுதான் மிச்சம்.

அந்த நேரத்தில் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரர் நிறுத்தி, வெற்றிலையைத் துப்பிவிட்டு, சாவகாசமாகப் பார்த்தார்.

"இன்னா நைனா, மொரண்டு பண்ணுதா?"

"ஆமாங்க" என்றார் மாமா.

"கண்ணு பட்டிருக்கும். கற்பூரம் கொளுத்தி ஒரு சுத்து சுத்திப் போடு, ஜல்தியா கெளம்பிடும்."

"ரயிலுக்கு ஒரு கற்பூரம் கொளுத்துங்களேன், அதுவாவது நிக்குதா பாக்கலாம்" என்றேன். அப்பா என்னை முறைத்தார். வண்டிக்காரருக்கு என்மேல் கோபமில்லை, போகிற வழியில் ஏறிக்கொள் பாப்பா என்று கூப்பிட்டார். அந்த வண்டியில் போனால் மத்தியான ரயிலைக்கூடப் பிடிக்க முடியாது.

அப்போதுதான் எனக்குக் கிளியனூர் ஞாபகம் வந்தது.

கிளியனூர்ச் சாவு

அதற்கு முந்தின கோடையில் கிளியனூரில் ஒரு பங்காளி வீட்டுச் சாவுக்கு இதே ஜீப்பில் போயிருந்தோம். அன்றும் காலையிலிருந்து லீவர் மாட்டிக்கொண்டு படுத்தி எடுத்தது. சாவு வீட்டுத் தெரு குறுகல். எதிரே பாடையோடு கூட்டம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மாமா வண்டியைப் பின்னால் எடுத்தார். நாலு அடிகூடப் போயிருக்காது, லீவர் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுக்கொண்டது.

ஏன் என்று அப்போது தெரியாது. பிற்பாடுதான் ஒருவர் எனக்கு விளக்கினார். நனைந்த போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிகிறோம் அல்லவா? முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் அப்படி ஒரு முறுக்கு ஏறிவிடும். சேற்றில் சக்கரம் வழுக்கி முறுக்கு தானே கழன்றுவிடும், தாரில் கழலாது. பின்னால் கொஞ்சம் உருட்டினால் முறுக்கு அவிழ்ந்து பல் விட்டுக்கொடுக்கும். இவ்வளவுதான் விஷயம்.

"மாமா, வண்டியப் பின்னாடி எடு. கிளியனூர்ல எடுத்தியே, அப்ப வுட்டுதே!" என்றேன்.

மாமா காதைப் பொத்திக்கொண்டார். நிஜமாகவே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"சாவுக்குப் போனத, நல்ல காரியத்துக்குப் போறப்ப சொல்றியேடி!"

சுவரை இடித்தவர்

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் ஒரு அடிகூடப் பின்னால் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் உள்ளதுதான். வாசலில் செருப்பை மறந்தால்கூட நம்மைத் திரும்ப விட மாட்டார்கள், யாராவது எடுத்து வந்து கொடுப்பார்கள். மாமா அதை ஜீப்புக்கும் சேர்த்துக்கொண்டார்.

கொட்டகையிலிருந்து வண்டியை எடுக்கும்போது பின்னால் வர வேண்டியிருக்கிறதே என்று, கொட்டகையின் பின்சுவரையே இடித்து இன்னொரு வாசல் வைத்தார். முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே வருவார். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பெண் வீட்டைத் தாண்டிப் போய்விட்டோம். பத்தடி பின்னால் வந்தால் போதும். ஏரிக்கரை வழியாக ஊரையே சுற்றி வந்து நிறுத்தினார். நாங்கள் இறங்கும்போது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது.

இந்த மனிதரிடம்தான் நான் பின்னால் எடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"ஏழுமல, கொஞ்சந்தான் எடேன்" என்றார் அப்பா, பாதி மனசாக. அவருக்கும் பயம்தான்.

"மச்சான், நீங்க வேணா சொல்லுங்க, என் கையால எடுக்க மாட்டேன். புள்ள மொதமொதல்ல படிப்புக்குப் போவுது."

எனக்கு அடக்கிவைத்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"படிப்பாம் படிப்பு! நான் போவக் கூடாதுன்னுதானே பண்ணிக்கினு இருக்க? ரயிலு போயிட்டா உனக்குத்தானே நல்லது? தை மாசம் மால போட்டுக்கினு குந்திக்கலாம்ல? காலையிலேர்ந்து எல்லாம் வேணும்னே பண்ற!"

வண்டிக்காரர் மாட்டைத் தட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா "ஏய்" என்றார். மாமா கையிலிருந்த சுத்தியலைச் சீட்டுக்கு அடியில் வைத்தார். எப்போதும் என்னைவிட உரக்கக் கத்துகிறவர், அன்று மெதுவாகப் பேசினார்.

"கெடுக்கணும்னு நெனச்சிருந்தா, நீ சொன்ன ஒடனே பின்னால எடுத்திருக்க மாட்டேனா?"

இந்த மனிதர் நம்புகிற கணக்கில், என் காரியம் கெடுவதற்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நானே வலியச் சொல்லியும் அதை அவர் செய்யவில்லை. ரயில் போனாலும் பரவாயில்லை என்று நின்றுகொண்டிருந்தார். அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது. அழுதால் இன்னும் நேரமாகும் என்று விழுங்கிக்கொண்டேன்.

இறங்கினேன்

பையை எடுத்துக்கொண்டு வண்டியிலிருந்து குதித்தேன். ரோட்டைத் தாண்டி அந்தாண்டை போய் நின்றேன்.

"எங்கடி போற?"

"எங்கயும் போவல. நான் வண்டியில இல்ல. காரியம் எனக்குத்தானே? நான் முன்னால பாத்துக்கினு இங்க நிக்கிறேன். வண்டி பின்னால வந்தா எனக்கு இன்னா?"

மாமா யோசித்தார். அப்பா யோசித்தார். வண்டிக்காரர்கூட யோசித்தார்.

"பொண்ணு சொல்றதுல நாயம் இருக்குது" என்றார் வண்டிக்காரர்.

"சர்டிபிகேட்டு?" என்றார் மாமா.

அது அப்பாவின் மஞ்சள் பையில் இருந்தது. அப்பாவும் பையோடு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். அப்புறம் மாமாவுக்கு ஞாபகம் வந்து, கோயிலில் அர்ச்சனை செய்த தேங்காய் மூடி, பூ, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து எங்கள் காலடியில் வைத்தார்.

"ஜல்தியா ஆவட்டும் மாமா!" என்று பல்லைக் கடித்தேன்.

"இருடி, ஒண்ணும் வுட்டுடக் கூடாது."

கடைசியில் ஏறினார். பின்னால் எடுத்தார். வண்டி ஒரு முக்கல் முக்கியது, இரண்டு கை தூரம் போயிற்று. 'டொக்'. லீவர் விட்டுக்கொண்டது. அவ்வளவு பெரிய சண்டைக்கு அவ்வளவு சின்னச் சத்தம்.

சாமான்களை வாரிப் போட்டுக்கொண்டு ஏறினோம். திண்டிவனம் வரைக்கும் மாமா ஓட்டிய ஓட்டத்தில் தேங்காய் மூடி என் காலடியில் உருண்டுகொண்டே வந்தது.

கூட்ஸ் ஷெட்

ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. கிடைத்த இடத்தில் நிறுத்தலாம் என்று மாமா ஜீப்பைக் கூட்ஸ் ஷெட்டுக்குள்ளே போகிற வழியில் விட்டு, சுவரில் மூக்கு இடிக்கிற மாதிரி நிறுத்தினார். நானும் அப்பாவும் ஓடினோம். மாமாவிடம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூட நேரமில்லை. ஏறி உட்கார்ந்ததும் ரயில் ஊதியது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பி வேலிக்கு அந்தாண்டை எங்கள் ஜீப் தெரிந்தது. அதன் பின்னால் மல்லாட்டை மூட்டையோடு மாட்டு வண்டிகள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. எல்லாருக்கும் வழியை மறித்துக்கொண்டு நடுவில் மாமா.

"யோவ், வண்டிய பின்னாடி எடுய்யா! பேஜாரு பண்ணிக்கினு நிக்கிறியே!"

"எடுய்யா! கூலியாளு காத்துக்கினு இருக்கான்!"

இருங்க என்று மாமா கையைக் காட்டினார். வண்டியில் ஏறவில்லை. ஒருவன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். பிடித்தவன் கையை விலக்கிவிட்டு, மாமா ரயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் இன்னா பண்ணிக்கினு நிக்கிறான்?" என்றார் அப்பா. "எடுத்து வுட்டுட்டுப் போவ வேண்டியதுதானே?"

எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இறங்கிவிட்டேன், சர்டிபிகேட்டும் இறங்கிவிட்டது. புளியமரத்தடியில் செல்லுபடியான சமாதானம் இங்கேயும் செல்லும்தானே? ஆனால் அவருக்குப் போதவில்லை. என் ரயில் கண்ணை விட்டு மறைகிறவரைக்கும் எடுக்க மாட்டார். எடு மாமா, அடி வாங்காதே, எடுத்துத் தொலை என்று கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் அது போய்ச் சேரவில்லை.

ரயில் நகர்ந்தது. கோபம் கோபமாக வந்தது எனக்கு. அந்தப் பைத்தியக்கார மனிதர்மேல், அந்த ஜீப்பின்மேல், தை மாதத்தின்மேல். அப்பா பார்க்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதில் நல்லெண்ணெய் வாசனை வந்தது.

நான் முப்பது வருஷம் வாத்தியாரம்மாவாக இருந்தேன் என்பது இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். அது நேர்முகத்தில் நான் சொன்ன பதிலால் கிடைத்தது என்றுதான் நானும் சொல்லிக்கொள்கிறேன்.

கூட்ஸ் ஷெட் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஜீப் சுவரைப் பார்த்தபடியே நின்றது. ஒரு அடிகூடப் பின்னால் வரவில்லை.